கண்காட்சி என்னும் கல்விக்கூடம்

உரைநடை உலகம்

நுழையும்முன்

கைவினைப் பொருள் ஒன்றைச் செய்து முடித்ததும் செய்தவரின் வேலை முடிந்துவிட்டதாகவே நாம் கருதுகிறோம். ஆனால் அப்பொருள் மற்றொருவர் கையில் ஏறிய பின்னரே அதன் குறையும் நிறையும் வெளிப்படுகின்றன. அந்த வேளையில் செய்தவரும் அருகில் இருந்தால் அவர் கற்றுக்கொள்வது மிகுதி. கைவினைக் கண்காட்சிகள் அத்தகைய வாய்ப்பை எவ்வாறு அளிக்கின்றன என்பதைச் சென்னையின் தென்பகுதியில் உள்ள ஒரு நெசவூரின் வரலாற்றோடு இப்பாடம் விளக்குகிறது.

மலையடிவாரத்தில் ஒரு நெசவூர்

சென்னைப் பல்லாவரத்தை அடுத்துள்ளது திருநீர்மலை. அடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாளும் மலைமேல் அரங்கநாதரும் கோயில் கொண்டிருக்கும் இவ்வூர், நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்று. முற்காலத்தில் மழைநீர் இம்மலையைச் சூழ்ந்து நின்றதால், நீர் வடியும்வரை திருமங்கையாழ்வார் ஆறு திங்கள் காத்திருந்தார் என்பது இவ்வூர்ப் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் செய்தி. மலையைச் சுற்றிலும் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகிவிட்டன. 2021ஆம் ஆண்டு தாம்பரம் மாநகராட்சி உருவானபோது திருநீர்மலையும் அதன் அண்டை ஊர்களான பம்மல், அனகாபுத்தூர் ஆகியனவும் அதனுள் அடங்கின.

இவற்றுள் அடையாற்றின் கரையை ஒட்டிய அனகாபுத்தூர், நெசவாளர் ஊர் என்று பெயர் பெற்றது. தெருதோறும் தறியோசை கேட்ட காலம் ஒன்று அங்கு இருந்தது. அவ்வோசை ஏன் குறைந்தது, குறைந்த பின்னும் முற்றிலும் அடங்கிவிடாமல் எவ்வாறு தொடர்ந்தது என்னும் இரு வினாக்களுக்கும் விடை தேடினால், கைவினைக்கும் அதனைப் பயன்கொள்வோருக்கும் உள்ள உறவு விளங்கும்.

காணாத சந்தை

சென்னையைச் சூழ்ந்த நெசவூர்களில் கட்டம் போட்ட வண்ணப் பருத்தித் துணி நெய்யப்பட்டு, கடல் கடந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்றது. வணிகர்கள் அதனை ‘மெட்ராஸ் கைக்குட்டை’ என்று அழைத்தனர். பெயர் கைக்குட்டை எனினும் அது இடையில் சுற்றி உடுத்தும் துணி. அனகாபுத்தூர்த் தறிகளும் இத்துணியை நெய்தன. நைஜீரியா நாட்டின் நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் இதனை ‘இஞ்சிரி’ என்று வழங்கினர். மணவிழாவிலும் இறுதிச் சடங்கிலும் பெருமைக்குரிய உடைமையாகப் போற்றினர்.

கலபாரிப் பெண்கள் அத்துணியை வாங்கியவாறே உடுத்துவதோடு நின்றுவிடவில்லை. கட்டங்களின் இடையே உள்ள சில இழைகளை மட்டும் கூரிய கருவியால் அறுத்து உருவி எடுத்து, துணியில் புதிய வடிவங்களைத் தோற்றுவித்தனர். ‘பெலெட்டெ பிட்டெ’ எனப்படும் அந்த இழை நீக்கிய துணி, அவர்களின் தனிக்கலையாகவே வளர்ந்தது. சென்னை நெசவாளர் இழை இழையாகச் சேர்த்தார். கடலுக்கு அப்பால் ஒரு பெண் இழை இழையாக நீக்கினார். இருவரும் தேர்ந்த கைவினைஞர்களே. ஆயினும் நடுவில் முதலாளி, ஏற்றுமதியாளர், கப்பல், இறக்குமதியாளர், கடைக்காரர் எனப் பல படிகள் இருந்தன. நெய்தவர் தம் துணியின் மறுபிறவியைக் கண்டிருந்தால் அவர் கற்பனை எத்தனை புதிய வடிவங்களை ஈன்றிருக்கும்!

1970களில் நைஜீரியாவின் அரசியல் சூழலிலும் இறக்குமதிக் கொள்கையிலும் ஏற்பட்ட மாற்றங்களால் இவ்வணிகம் சரிந்தது. கூலிக்கு நெய்தவர்களுக்கு வரும் வேலை குறைந்தது. வேறு யாருக்கு எதை நெய்வது என்று முடிவு செய்யும் வழி அவர்களிடம் இல்லை. ஏனெனில் துணியை உடுத்துவோருடன் அவர்கள் ஒருநாளும் பேசியதில்லை. இழை எண்ணத் தெரிந்த கைகளுக்கு உடுத்துவோரின் விருப்பம் தெரியவில்லை. பலர் தறியை விட்டு வேறு தொழில்களுக்குச் சென்றனர்.

நாரிலிருந்து நூல்

எஞ்சியவர்களுள் ஒரு குழுவினர் வேறுவழி தேடினர். அனகாபுத்தூர் சணல் நெசவாளர் சங்கத்தினர் வாழை, சணல், கற்றாழை, அன்னாசி முதலியவற்றின் நார்களைப் பருத்தியோடும் பட்டோடும் சேர்த்து நெய்யத் தொடங்கினர். 25 வகை இயற்கை நார்களைக் கொண்டு அவர்கள் நெய்த சேலை, லிம்கா சாதனை நூலில் இடம்பெற்றது.

வாழைநாரை நெய்வது எளிதன்று. குலை வெட்டிய பின் வீணாகும் வாழைத்தண்டின் மட்டைகளை உரித்து, சதைப்பற்றைச் சுரண்டி நீக்கி, நாரை அலசி உலர்த்த வேண்டும். நாரின் நீளம் மரத்தின் உயரத்தைத் தாண்டாது. ஆகவே நுனியோடு நுனி முடிச்சிட்டே நீண்ட இழையாக்க வேண்டும். பருத்தி நூல் பாவாக நிற்க, நார் ஊடையாகச் செல்லும். முடிச்சு தடித்தால் துணியில் உறுத்தும். மெலிந்தால் தறியிலேயே அவிழும்.

இத்துணியைத் தொட்டுப் பாராத ஒருவர் ‘வாழைநார்ச் சேலை’ என்று கேட்டவுடன் சாக்கைப் போன்ற முரட்டுத் துணியையே கற்பனை செய்வார். எனவே இத்தகைய புதுப்பொருளுக்கு விளம்பரத்தைவிடத் தொடுகையே தேவை. துணியை ஒருவர் கையில் கொடுத்து, ‘இது வாழையில் பிறந்தது’ என்று சொல்லி, அவர் முகத்தில் தோன்றும் வியப்பையோ ஐயத்தையோ அந்த இடத்திலேயே படிக்க வேண்டும். அதற்கு இடம் தருவது கண்காட்சி.

பழைய உறவின் புதிய வடிவம்

கண்காட்சியில் கலந்துகொள்ளாமலே பேராற்றல் பெற்ற கைவினைஞர்கள் முற்காலத்தில் இல்லையா என்னும் வினா இங்கு எழலாம். இருந்தனர். ஆனால் அவர்களுக்குக் கண்காட்சி தேவைப்படவில்லை. ஊர்க் குயவர் தம் பானையில் சோறு சமைப்பவர்களோடே வாழ்ந்தார். பானை விரிசல் விட்டால் மறுநாளே அது அவர் வாசலுக்குத் திரும்பி வந்தது. கொல்லர் அடித்த ஏர்க்கொழு மண்ணில் எப்படி இறங்கியது என்பதை உழவரே வந்து சொன்னார். சிற்பியின் உளிக்குப் பட்டறையில் ஆசிரியரின் கண்ணே அளவுகோலாக இருந்தது.

சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை, புகார் நகரின் மருவூர்ப்பாக்கத்தில் நெசவாளர், தச்சர், கருங்கைக் கொல்லர், பொற்கொல்லர், தையற்காரர் எனப் பல கைவினையாளர் வாழ்ந்த இடங்களைக் காட்டுகிறது. செய்வோரும் கொள்வோரும் ஒரே நகரில் முகம் பார்த்து வாழ்ந்த வாழ்க்கை அது. தொலைதூர வணிகமும் ஆலை உற்பத்தியும் பெருகியபோது இந்த உறவு அறுந்தது. அறுந்த உறவைச் சில நாள்களுக்கேனும் மீண்டும் இணைத்து வைப்பதே கைவினைக் கண்காட்சியின் முதற்பயன். விற்பனை அதன் அடுத்த பயனே.

தெரிந்து தெளிவோம்

சென்னையில் 1850ஆம் ஆண்டு மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் ஒரு கலைப்பள்ளியைத் தொடங்கினார். அதுவே இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரியாக வளர்ந்துள்ளது. 1851இல் இலண்டனில் உலகப் பெருங்கண்காட்சி நடைபெற்றது. அதனைத் தொடர்ந்து 1855இல் சென்னையில் நடைபெற்ற கண்காட்சியில் தென்னிந்திய மூலப்பொருள்களும் கைவினைப் பொருள்களும் வைக்கப்பட்டன. நடுவர் குழுக்கள் அவற்றை வகைவகையாக ஆராய்ந்து எழுதிய அறிக்கைகள் நூலாக வெளிவந்தன.

விடுதலைக்குப் பின்

பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கண்காட்சிகளில் பொருள்கள் மேடையேறின. செய்தவர்கள் பெரும்பாலும் மறைவிலேயே இருந்தனர். விடுதலைக்குப் பின் இந்நிலை மெல்ல மாறியது. 1952இல் அமைக்கப்பட்ட அனைத்திந்தியக் கைவினை வாரியத்திற்குத் தலைமையேற்ற கமலாதேவி சட்டோபாத்யாய, கைவினைஞரையே மக்கள்முன் நிறுத்தப் பாடுபட்டார். 1964இல் அவர் தொடங்கிய இந்தியக் கைவினைக் குழுமம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கி வருகிறது. தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம் 1973இல் தோன்றியது. ‘பூம்புகார்’ என்னும் பெயரில் விற்பனை நிலையங்களை நடத்தும் அக்கழகத்தின் கொலு பொம்மைக் கண்காட்சிகளை நவராத்திரிக் காலத்தில் நாம் காண்கிறோம்.

அரியானா மாநிலத்தின் சூரஜ்குண்டில் 1987 முதல் கைவினைத் திருவிழா நடைபெற்று வருகிறது. 1994இல் தொடங்கப்பட்ட ‘தில்லி ஹாட்’ சந்தையில் கைவினைஞர்களுக்குப் பதினைந்து நாள் அளவில் சுழற்சி முறையில் கடைகள் ஒதுக்கப்படுகின்றன. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்திராவில் தென்மாநில மரபு வீடுகளின் நடுவே கைவினைஞர்கள் செய்துகாட்டியே விற்கின்றனர். இவற்றின் வழியே, இடைப்பட்டவர் துணையின்றித் தம் பொருளுக்கு அருகே தாமே நிற்கும் உரிமையைக் கைவினைஞர் பெற்றனர்.

கண்காட்சி கற்பிக்கும் நான்கு பாடங்கள்

முதற்பாடம், கைகளைக் கவனித்தல். பார்வையாளர் வாயால் சொல்வது பெரும்பாலும் பாராட்டே. உண்மையைச் சொல்வன அவர் கைகள். துணிப்பையை எடுத்தவர் முதலில் உட்புறத்தைத் திருப்பித் தையலைப் பார்க்கிறாரா? பிடியை இழுத்துப் பார்க்கிறாரா? கூடையை எடுத்தவர் விரலில் சிலாம்பு குத்தியதுபோல் சட்டென்று கீழே வைக்கிறாரா? ஒரே இடத்தில் பத்துப் பேரின் கை தயங்கினால் அந்த இடத்தில் குறை உண்டு என்று அறியலாம். வீட்டில் நூறுமுறை பார்த்தும் புலப்படாத குறை இங்கு ஒரே நாளில் புலப்படும்.

இரண்டாம் பாடம், விளக்கிச் சொல்லுதல். ‘இது சாயம் போகுமா?’, ‘தண்ணீர் பட்டால் என்ன ஆகும்?’, ‘இதை ஏன் இப்படி முடிந்திருக்கிறீர்கள்?’ என்று கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். ‘எங்கள் வீட்டில் இப்படித்தான் செய்வோம்’ என்னும் விடை முதல்முறை போதும். பத்தாம்முறை சொல்லும்போது சொல்பவருக்கே போதாது. காரணம் தேடத் தொடங்குவார். நீலகிரியின் தோடர் இனப் பெண்கள் வெண்துணியில் சிவப்பும் கறுப்புமாகப் பின்னும் பூவேலையில், நம் கண்ணுக்குப் பின்பக்கமாகத் தோன்றும் மேடு பள்ளமான பக்கத்தையே வெளிப்புறமாக உடுத்துவர். துணியைத் திருப்பிப் பார்க்கும் நகரத்தாருக்கு அதனை விளக்குவதே ஒரு பண்பாட்டுப் பாடமாகிறது. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற இப்பூவேலை, இன்று மேலாடைகளிலும் பைகளிலும் மேசை விரிப்புகளிலும் இடம்பெறுகிறது. மரபு மாறாமல் பயன்பாடு விரிந்தமைக்கு இது நல்ல சான்று.

மூன்றாம் பாடம், அண்டைக்கடை. கண்காட்சியில் நெசவாளரின் ஒருபக்கம் பாய் முடைபவரும் மறுபக்கம் சுடுமண் கலைஞரும் அமர்ந்திருக்கலாம். பத்தமடைக் கோரைப்பாய் முடைபவர் கோரையை எவ்வளவு மென்மையாகக் கிழிக்கிறார் என்பதைப் பார்ப்பவர், தம் நாரை இன்னும் மெலிதாகப் பிரிக்க முடியுமா என்று எண்ணுவார். மணமக்கள் பெயரையே பாயில் நெய்துதரும் பத்தமடை வழக்கம், தனி ஒருவர்க்கென்றே ஒரு பொருளைச் செய்துதரும் எண்ணத்தைப் பிறருக்கும் ஊட்டும். கூட்டம் குறைந்த நண்பகல் வேளையில் கடைக்குக் கடை நடக்கும் உரையாடல், எந்தப் பயிற்சி வகுப்பிலும் கிடைக்காதது.

நான்காம் பாடம், விலை காணுதல். கைவினைஞர் பலர் மூலப்பொருளின் விலையை மட்டும் கணக்கிட்டுத் தம் உழைப்பை மறந்துவிடுகின்றனர். எடுத்துக்காட்டாக, ஒரு நார்ப்பைக்கு மூலப்பொருள் 90 ரூபாய் எனக் கொள்வோம். அதனைச் செய்ய 3 மணி நேரம் ஆகிறது. மணிக்கு 70 ரூபாய் வீதம் உழைப்பின் மதிப்பு 210 ரூபாய். கடை வாடகையும் பயணச் செலவுமாக 1,500 ரூபாய் செலவிட்டு 50 பைகளைக் கொண்டுசென்றால் ஒரு பைக்கு 30 ரூபாய். ஆக, அடக்கவிலை 330 ரூபாய். இதனை 250 ரூபாய்க்கு விற்பவர், ஒவ்வொரு பைக்கும் தம் உழைப்பில் 80 ரூபாயை இனாமாகக் கொடுக்கிறார். மூன்று மணி நேர வேலையை நேர்த்தி குறையாமல் இரண்டரை மணி நேரத்தில் முடிக்க வழி உண்டா என்னும் சிந்தனையும் இக்கணக்கிலிருந்தே பிறக்கிறது. இவ்வாறு, விலைக்கணக்கு கைத்திறனையும் கூர்மையாக்குகிறது.

முன்னும் பின்னும்

கண்காட்சியின் பயன் பெரும்பாலும் அதற்கு முன்னும் பின்னும் செய்யும் வேலையைப் பொறுத்தது. குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் பொருள்கள் வேண்டும் என்னும் கட்டாயமே ஒரு பயிற்சி. ஒன்றை அழகாகச் செய்வது திறமை. நாற்பதை ஒரே நேர்த்தியோடு செய்வது தேர்ச்சி. நாற்பதாம் பொருளைச் செய்யும்போது, முதற்பொருளில் செய்த வீண் அசைவுகள் பல தாமாகவே நீங்கியிருக்கும்.

கண்காட்சியில் முடிந்த பொருளோடு முடியாத பொருள் ஒன்றையும் வைப்பது நன்று. பாதி நெய்த துணியும், முடிச்சிட்ட நாரும், உரித்த வாழைமட்டையும் அருகருகே இருந்தால் பார்ப்பவர் நின்று கேட்பார். கேட்பவரிடமிருந்தே கைவினைஞர் கற்பார். ஒரு குறிப்பேட்டில் எடுத்துப் பார்த்தவை, வாங்கியவை, கேட்டும் கிடைக்காதவை என மூன்று பத்திகள் வரைந்து மாலைதோறும் நிரப்பலாம். பலர் எடுத்துப் பார்த்தும் வாங்காத பொருளே அடுத்த கண்காட்சிக்குமுன் ஆராய வேண்டிய பொருள். அதன் தோற்றம் ஈர்க்கிறது. ஆனால் விலையோ, அளவோ, முடிப்போ தடுக்கிறது என்பதே அதற்குப் பொருள்.

எச்சரிக்கை

கண்காட்சியில் கேட்பன அனைத்தையும் பின்பற்றத் தொடங்கினால் கலை சிதையும். ‘இன்னும் மலிவாகக் கொடுக்க முடியாதா?’ என்னும் கேள்வியே மிகுதியாகக் கேட்கப்படும். அதற்கு இசைந்து நாரின் இடத்தில் செயற்கை இழையையும், இயற்கைச் சாயத்தின் இடத்தில் மலிவுச் சாயத்தையும் சேர்ப்பவர், அந்த ஆண்டு மிகுதியாக விற்கலாம்; சில ஆண்டுகளில் அவர் பொருளுக்கும் ஆலைப் பொருளுக்கும் வேறுபாடு இராது. அப்போது ஆலையின் விலையே வெல்லும்.

விற்பனையாகாத நாள்களும் உண்டு. மழையால் கூட்டம் வராது போகலாம்; வாடகையே மிஞ்சாமல் திரும்ப நேரலாம். அன்றாடக் கூலியை இழந்து வரும் குடும்பத்திற்கு இது சிறிய இழப்பன்று. ஆதலால், கண்காட்சிக்குச் செல்வோருக்குக் குறைந்த வாடகையும் தங்குமிடமும் தருவது அரசும் அமைப்புகளும் செய்யவேண்டிய கடமை. பேரம் பேசுமுன் அப்பொருளில் அடங்கியுள்ள உழைப்பின் நேரத்தைக் கேட்டறிவது பார்வையாளரின் கடமை.

எக்கருத்தை ஏற்பது, எதனை விலக்குவது என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. பொருளின் பயனைக் கூட்டும் கருத்து கொள்ளத்தக்கது. அதன் இயல்பைக் கெடுக்கும் கருத்து தள்ளத்தக்கது. பையின் பிடியை நீளமாக்கச் சொல்வது முதல்வகை. நாரே இல்லாமல் ‘நார்ப்பை’ செய்யச் சொல்வது இரண்டாம் வகை.

நிறைவாக

மெட்ராஸ் கைக்குட்டையை நெய்த கைகளுக்குத் திறமையில் குறைவில்லை. அத்திறமை யாரிடம் சென்று சேர்ந்தது என்பதை அறியும் வழியே அடைபட்டிருந்தது. வாழைநாரை நெய்யும் கைகள் அவ்வழியைத் தாமே திறந்துகொள்ள முயல்கின்றன. அந்த ஊரில் இன்று தறிகள் சிலவே எஞ்சியுள்ளன. அவற்றில் அடுத்த தலைமுறை அமருமா என்பது, நெய்வோரின் உறுதியோடு, துணியைத் தொட்டுப் பார்த்து, கேள்வி கேட்டு, உரிய விலை தரும் மக்களையும் பொறுத்தது. அடுத்தமுறை ஒரு கைவினைக் கண்காட்சிக்குச் செல்லும் மாணவர், வாங்கினாலும் வாங்காவிட்டாலும் ஒரு நல்ல கேள்வியையாவது கேட்டுவர வேண்டும். அந்தக் கேள்வி, கைவினைஞரின் அடுத்த படைப்பில் ஓர் இழையாகச் சேரக்கூடும்.

சொல்லும் பொருளும்

பாவு – தறியில் நீளவாட்டில் செல்லும் நூல்; ஊடை – பாவின் குறுக்கே செல்லும் நூல்; முடைதல் – கோரை, ஓலை முதலியவற்றைப் பின்னுதல்; சிலாம்பு – மரம், மூங்கில் முதலியவற்றின் கூரிய மெல்லிய துணுக்கு; அடக்கவிலை – ஒரு பொருளை ஆக்கி விற்பனைக்குக் கொண்டுவர ஆகும் மொத்தச் செலவு.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதிக் கைவினைஞர் ஒருவரைச் சந்தித்து, பயன்படுத்துவோர் கருத்தால் அவர் தம் பொருளில் செய்த மாற்றம் ஒன்றைக் கேட்டு எழுதுக.

2. பள்ளியில் கைவினைக் கண்காட்சி நடத்தி, ‘எடுத்துப் பார்த்தவை, வாங்கியவை, கேட்டும் கிடைக்காதவை’ என்னும் மூன்று தலைப்புகளில் குறிப்பேடு உருவாக்குக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. கலபாரி மக்கள் மெட்ராஸ் கைக்குட்டையை வழங்கிய பெயர்
அ) பெலெட்டெ பிட்டெ ஆ) இஞ்சிரி இ) ஹாட் ஈ) கோரை

2. சரியான இணையைத் தேர்க.
அ) தில்லி ஹாட் – 1987 ஆ) சூரஜ்குண்டு – 1994 இ) தட்சிணசித்திரா – 1996 ஈ) பூம்புகார் – 1964

குறுவினா

1. வாழைநாரை முடிச்சிட்டு இழையாக்குவது ஏன்?

2. பார்வையாளரின் சொற்களைவிடக் கைகளைக் கவனிக்க வேண்டும் என்பதன் காரணம் யாது?

சிறுவினா

1. முற்காலக் கைவினைஞருக்குக் கண்காட்சி தேவைப்படாமைக்கான காரணத்தை விளக்குக.

2. ஒரு கைவினைப் பொருளின் அடக்கவிலையைக் கணக்கிடும் முறையை எடுத்துக்காட்டுடன் எழுதுக.

நெடுவினா

‘கைவினைஞரின் திறன் வளர, பயன்கொள்வோரின் உறவு இன்றியமையாதது’ – அனகாபுத்தூர் நெசவின் வரலாற்றைக் கொண்டு நிறுவுக.